கன்சல்டிங் வேலைக்கு முதல்முறை விண்ணப்பம்: எட்டு வாரத்தில் எதை, எந்த வரிசையில் தயார் செய்வது?

பனித்துளி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். மெக்கின்சி, பி.சி.ஜி. (பாஸ்டன் கன்சல்டிங் குரூப்), பெயின் என்ற மூன்று பெரிய ஆலோசனை நிறுவனங்களிலும், இன்னும் சில சிறிய ஆலோசனை நிறுவனங்களிலும் பட்டதாரிகளுக்கான தொடக்கநிலை வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். கெடு முடிய எட்டு வாரம் இருக்கிறது. வணிகப் பாடம் எதுவும் படித்ததில்லை.

லாபம் குறைவது, புதிய சந்தையில் நுழைவது, நிறுவனத்தை வாங்குவது என்று வழக்கமான ஃபிரேம்வொர்க்குகள் (ஒரு பிரச்சினையைப் பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கும் ஆயத்த வடிவங்கள்) எல்லாம் மனப்பாடம். ஆனால் நண்பரோடு உட்கார்ந்து கேஸ் (இன்டர்வியூவில் ஒரு நிறுவனத்தின் பிரச்சினையைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்வது) செய்தால், முதல் ஐந்து நிமிடம் நன்றாகப் போகிறது. எண்கள் வந்ததும் தடம் மாறிவிடுகிறது. முடிவில் "சரி, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் செய்ததையெல்லாம் வரிசையாக ஒப்பிக்கிறேனே தவிர பதில் வருவதில்லை.

தெரிய வேண்டியவை: வணிக அனுபவம் இல்லாத ரெஸ்யூமேயை எப்படி எழுதுவது? ஆன்லைன் தேர்வுகளுக்குத் தனியாகத் தயாராக வேண்டுமா? கேஸ் பயிற்சியில் என்ன தவறு செய்கிறேன்? சொந்த அனுபவம் பற்றிய கேள்விகளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

---

முல்லைக்கொடி

ரெஸ்யூமே பற்றி மட்டும் இப்போது சொல்கிறேன்.

ஒரே பக்கம். வணிக அனுபவம் இல்லாதது குறையே அல்ல. பட்டதாரி நிலையில் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர்கள் தேடுவது, இவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் அது நகருமா என்பதைத்தான். அதனால் ஒவ்வொரு வரியிலும் என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள், அதனால் எது எவ்வளவு மாறியது என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

"கல்லூரித் தொழில்நுட்ப விழாவின் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன்" என்ற வரியில் பதவி தெரிகிறது, வேலை தெரியவில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "14 பேர் குழுவை 9 கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பி, பதிவுப் படிவத்தை ஒரு பக்கமாகச் சுருக்கி, பங்கேற்பாளர் எண்ணிக்கையை 220-லிருந்து 410 ஆக உயர்த்தினேன்." வெறும் "86% உயர்வு" என்று போடுவதைவிட இரண்டு எண்களையும் கொடுப்பது நல்லது, சிறிய அளவிலிருந்து வந்த பெரிய சதவீதமோ என்ற ஐயம் எழாது.

பொறியியல் புராஜெக்டை எழுதும்போது பெரும்பாலானவர்கள் கருவியின் பெயரையும் மென்பொருளின் பெயரையும் அடுக்குகிறார்கள். படிப்பவர் வரலாறு படித்தவராகவும் இருக்கலாம். "குளிர்விப்புக் குழாயின் வளைவை மாற்றி அழுத்த இழப்பை 18% குறைத்தேன், அதே ஓட்டத்துக்குச் சிறிய பம்ப் போதுமானதாயிற்று" என்றால் துறை தெரியாதவருக்கும் பலன் புரியும். போடுகிற ஒவ்வொரு எண்ணையும் எப்படி அளந்தீர்கள் என்று இன்டர்வியூவில் கேட்பார்கள். பதில் சொல்ல முடியாத எண்ணை எடுத்துவிடுங்கள்.

மதிப்பெண்ணை எத்தனைக்கு எத்தனை என்று எழுதுங்கள். வெறும் 8.4 என்றால் வெளிநாட்டில் இருந்து படிப்பவருக்கு அது பத்துக்கா வேறெதற்கா என்று தெரியாது.

கவர் லெட்டர் கேட்டால் முக்கால் பக்கம் போதும்: ஏன் இந்தத் தொழில், ஏன் இந்த நிறுவனம், ஏன் நான். எழுதி முடித்ததும் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டுப் போட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் நடுப் பத்தி வேலை செய்யவில்லை. அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் இருபது நிமிடம் பேசினாலே அந்தப் பத்திக்குச் சரக்கு கிடைக்கும். அவரிடம் "கம்பெனி கலாசாரம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "கடைசியாகச் செய்த புராஜெக்டில் முதல் வாரம் உங்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் பதவிப் பெயரைக் கவனியுங்கள். பட்டதாரிகள் சேரும் நிலைக்கு மெக்கின்சியில் பிசினஸ் அனலிஸ்ட், பி.சி.ஜி.யில் அசோசியேட், பெயினில் அசோசியேட் கன்சல்டன்ட் என்று பெயர். மெக்கின்சியில் அசோசியேட் என்பது எம்.பி.ஏ. முடித்தவர்கள் வழக்கமாகச் சேரும் நிலை. இதைக் குழப்பிக்கொண்டு தவறான பதவிக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

---

நேர்கோடு

ஆன்லைன் தேர்வு பற்றி.

மெக்கின்சியின் 'சால்வ்' விளையாட்டு வடிவில் இருக்கும். வணிக அறிவு தேவையில்லை. பரவலாகத் தெரிந்த இரண்டு பகுதிகளில் ஒன்று (இப்போது எல்லோருக்கும் வராமல் இருக்கலாம்), ஒரு வாழிடத்துக்கு ஏற்ற 8 உயிரினங்களைத் தேர்ந்தெடுத்து உணவுச் சங்கிலி அமைப்பது. ஒவ்வொன்றுக்கும் தேவையான கலோரி கிடைக்க வேண்டும், எதுவும் தின்று தீர்க்கப்பட்டுவிடக் கூடாது. இன்னொன்று, 'ரெட்ராக்' என்ற தீவு பற்றிய ஆய்வு. தகவலைச் சேகரித்து, கணக்குப் போட்டு, அறிக்கையில் வாக்கியத்தையும் வரைபடத்தையும் நிரப்ப வேண்டும். உணவுச் சங்கிலியில் பலர் கண்ணில் பட்ட உயிரினத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தே நேரத்தைத் தொலைக்கிறார்கள். முதலில் இடத்தின் நிபந்தனைகளைப் பார்த்து, பொருந்தாதவற்றைக் கழித்துவிட்டு, மிஞ்சியதில் தாவரங்களிலிருந்து மேல்நோக்கிக் கட்டுங்கள். ரெட்ராக்கில் முதல் கட்டத்தில் எல்லாத் தகவலையும் நோட்டில் இழுத்துப் போடுவது வீண்; கேள்வியை முதலில் படித்துவிட்டு அதற்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். இந்த விளையாட்டுகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால், அழைப்பு மின்னஞ்சலில் உள்ள விளக்கத்தை முழுதாகப் படியுங்கள்.

பி.சி.ஜி.யின் ஆன்லைன் கேஸில் 'கேஸி' என்ற சாட்பாட் கேள்வி கேட்கும். ஏறக்குறைய அரை மணி நேரம். முடிவில் உங்கள் பரிந்துரையை ஒரு நிமிட வீடியோவாகப் பதிவு செய்யச் சொல்லும். மனித முகம் எதிரில் இல்லாததால் அந்த ஒரு நிமிடத்தில் பலர் 45 நொடியைப் பின்னணி சொல்லியே கழிக்கிறார்கள். முதல் வாக்கியத்திலேயே பரிந்துரை வந்துவிட வேண்டும். போனில் டைமர் வைத்துப் பத்து முறை பதிவு செய்து பார்த்தால் சரியாகிவிடும். பெயினின் தேர்வு அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடும்.

ஒரு எச்சரிக்கை: விண்ணப்பம் அனுப்பிய சில நாள்களிலேயே தேர்வு இணைப்பு வந்துவிடலாம், அதற்கும் கெடு இருக்கும். எனவே தேர்வுக்கு ஓரளவு தயாரான பிறகு 'சமர்ப்பி' பொத்தானை அழுத்துங்கள். ஒருமுறை நிராகரிக்கப்பட்டால் மறுபடி விண்ணப்பிக்கப் பல நிறுவனங்களில் ஒரு வருடமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும்.

---

வெள்ளைப்பலகை

நீங்கள் சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால் நோய் ஒன்றுதான்: கேஸை ஒரு கேள்வியாகப் பார்க்காமல் நிரப்ப வேண்டிய படிவமாகப் பார்க்கிறீர்கள். ஃபிரேம்வொர்க் மனப்பாடத்தில் வரும் கோளாறு இது. முதல் ஐந்து நிமிடம் மனப்பாடம் தாங்குகிறது. எண் வந்ததும் அது எந்தக் கேள்விக்கு விடை என்று தெரியாமல் நிற்கிறீர்கள்.

ஒரு கேஸை முழுதாகவே போட்டுக் காட்டுகிறேன்.

"ஒரு உடற்பயிற்சிக்கூட நிறுவனம். சென்ற ஆண்டு லாபம் 12 கோடி, இந்த ஆண்டு 3 கோடி. ஏன், என்ன செய்யலாம்?"

உடனே வருவாய், செலவு என்று கிளை வரையாதீர்கள். முதலில் கேள்வியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, இரண்டு மூன்று தெளிவு கேளுங்கள்: பணம் மாதக் கட்டணத்தில் மட்டும் வருகிறதா, பயிற்சியாளர் கட்டணமும் உண்டா? எவ்வளவு லாபத்தை, எப்போதுக்குள் மீட்க நினைக்கிறார்கள்? இந்த ஆண்டு கூடங்களின் எண்ணிக்கை மாறியதா? கடைசிக் கேள்விதான் இங்கே தங்கம். அது எந்த ஃபிரேம்வொர்க்கிலும் இல்லை. இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று அரை நிமிடம் யோசித்தால் வரும்.

பிறகு ஒன்றரை நிமிடம் நேரம் கேட்டு, தாளைக் குறுக்காக வைத்து எழுதுங்கள். மூன்று கிளை, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று கேள்வி. ஒரு கூடத்தின் கணக்கு எப்படி (உறுப்பினர், கட்டணம், வாடகை, சம்பளம்)? கூடங்களின் எண்ணிக்கையும் கலவையும் எப்படி மாறின? வெளியே என்ன நடந்தது (போட்டி, பழக்க மாற்றம்)? கிளைகள் ஒன்றோடொன்று மோதக் கூடாது, சேர்த்துப் பார்த்தால் எதுவும் விடுபடக் கூடாது. 'மீஸீ' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1960-களில் மெக்கின்சியில் வேலை செய்த பார்பரா மின்டோ உருவாக்கிய விதி. ஆனால் மீஸீயாக இருப்பது மட்டும் போதாது. உங்கள் கிளைகளை அப்படியே ஒரு விமான நிறுவனத்துக்கும் ஒட்ட முடிந்தால், நீங்கள் இன்னும் இந்த கிளையன்ட்டைப் பற்றி யோசிக்கவில்லை. கிளைகளைச் சொல்லி முடித்ததும், எதை முதலில் பார்க்கப் போகிறீர்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். பாதிப்பேர் இதை விட்டுவிட்டு, இன்டர்வியூ எடுப்பவர் வழி சொல்வார் என்று காத்திருக்கிறார்கள். மெக்கின்சியில் பெரும்பாலும் அவரே அடுத்த கேள்விக்கு அழைத்துப் போவார், பி.சி.ஜி., பெயினில் பெரும்பாலும் நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.

இப்போது எண்கள் தருகிறார். சென்ற ஆண்டு 40 கூடம், ஒவ்வொன்றிலும் சராசரி 1,500 உறுப்பினர், ஆண்டுக் கட்டணம் ஆளுக்கு 12,000, ஒரு கூடத்தின் ஆண்டுச் செலவு 1.5 கோடி. இந்த ஆண்டு 50 கூடம், சராசரி 1,300 உறுப்பினர், மற்றவை அப்படியே.

சென்ற ஆண்டு 60,000 உறுப்பினர், வருவாய் 72 கோடி, செலவு 60 கோடி. இந்த ஆண்டு 65,000 உறுப்பினர், வருவாய் 78 கோடி, செலவு 75 கோடி. பெரும்பாலானவர்கள் இங்கே நின்று "செலவு 15 கோடி கூடியிருக்கிறது, ஆகவே செலவைக் குறைக்கலாம்" என்பார்கள். அது தவறு. ஒரு கூடத்தின் செலவு மாறவே இல்லை. பத்துக் கூடம் கூடுதலாகத் திறந்தும் 5,000 உறுப்பினர்தான் கூடியிருக்கிறார்கள் என்பதே செய்தி. அதைச் சொல்லிவிட்டு அடுத்ததை நீங்களே கேட்க வேண்டும்: "பழைய கூடங்களையும் புதிய கூடங்களையும் பிரித்துப் பார்க்கலாமா?"

பிரித்துத் தருகிறார்: பழைய 40-இல் சராசரி 1,375, புதிய 10-இல் சராசரி 1,000.

இப்போது லாபமும் நட்டமும் இல்லாத புள்ளியைக் கணக்கிடுங்கள். 1.5 கோடியை 12,000 ஆல் வகுத்தால் 1,250 உறுப்பினர். புதிய கூடம் ஒவ்வொன்றும் 250 பேர் குறைவு, அதாவது 30 லட்சம் நட்டம். பத்துக்கும் சேர்த்து 3 கோடி. பழைய கூடம் ஒவ்வொன்றும் 125 பேர் அதிகம், 15 லட்சம் லாபம். நாற்பதுக்கும் 6 கோடி. நிகரம் 3 கோடி, கொடுத்த எண்ணோடு ஒத்துப்போகிறது. இந்தச் சரிபார்ப்பை வாய்விட்டுச் சொல்லுங்கள், மதிப்பு உண்டு.

ஆக, 9 கோடி வீழ்ச்சியில் 3 கோடி புதிய கூடங்களின் நட்டம், 6 கோடி பழைய கூடங்கள் இழந்த 5,000 உறுப்பினர்கள் (60,000-லிருந்து 55,000). இனிதான் கேஸின் உயிர்: அந்த 5,000 பேர் எங்கே போனார்கள்? நம்முடைய புதிய கூடத்துக்கே மாறினார்களா, போட்டியாளரிடம் போனார்களா? முதலாவது என்றால் கூடங்களை மிக அருகில் திறந்திருக்கிறோம். இரண்டாவது என்றால் புதிய கூடங்களை மூடினாலும் அவர்கள் திரும்ப மாட்டார்கள். புதிய கூட உறுப்பினர் பட்டியலில் எத்தனை பேர் முன்பு பழைய கூடத்தில் இருந்தவர்கள் என்று கேளுங்கள். 5,000 பேரும் அப்படியே என்று அவர் சொன்னதாக வைத்துக்கொள்வோம்.

கடைசியில் "சி.இ.ஓ. லிஃப்டில் ஏறுகிறார், என்ன சொல்வீர்கள்?" என்பார். பதில் இந்த அளவுக்கு இருக்கட்டும்:

"புதிய கூடங்கள் திறப்பதை இப்போதைக்கு நிறுத்தி, திறந்த பத்தில் பழையவற்றுக்கு மிக அருகில் இருப்பவற்றை மூடவோ இடம் மாற்றவோ பரிந்துரைக்கிறேன். காரணம், 9 கோடி வீழ்ச்சியில் 6 கோடி நம் உறுப்பினர்களையே நாம் இடம் மாற்றியதால் வந்தது. மீதி 3 கோடி, புதிய கூடங்கள் 1,250 என்ற எல்லையை எட்டாததால் வந்தது. மூடினால் அவர்கள் பழைய இடத்துக்குத் திரும்புவார்களா என்பதும், வாடகை ஒப்பந்தத்தை முறிக்க ஆகும் செலவும் இதில் உள்ள அபாயங்கள். அடுத்தபடியாக பத்துக் கூடங்களையும் தூரம், உறுப்பினர் வளர்ச்சி இரண்டாலும் வரிசைப்படுத்திப் பார்ப்பேன்."

பரிந்துரை, எண்ணோடு காரணம், அபாயம், அடுத்த வேலை. முக்கால் நிமிடம். இதில் நீங்கள் எந்த வரிசையில் கேஸ் செய்தீர்கள் என்பதே வரவில்லை, கவனித்தீர்களா? ஒப்பிக்கும் பழக்கம் போக ஒரு வழி: ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் விடையின் கீழே கோடு போட்டு, "ஆகவே" என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதுங்கள். கேஸ் முடியும்போது தாளில் நாலு "ஆகவே" இருக்கும். அவற்றில் கடைசியை முதலில் சொன்னால் அதுவே பரிந்துரை.

---

பனித்துளி

வெள்ளைப்பலகை அண்ணா, மிக்க நன்றி. "செலவைக் குறைக்கலாம்" என்று சொல்கிற இடத்தில்தான் நானும் நின்றிருப்பேன். கணக்கின் வேகம் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? கால்குலேட்டர் இல்லாமல் போட்டால் சுழியத்தை விட்டுவிடுகிறேன்.

---

கூட்டல்கழித்தல்

சுழியம் தொலைவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் லட்சம், கோடியில் யோசிப்பதும், கேஸ் மில்லியன், பில்லியனில் வருவதும்தான். நடுவில் மாற்றாதீர்கள். கேஸ் எந்த அலகில் வந்ததோ அதிலேயே முடியுங்கள். அதற்கு இதை மட்டும் கை தானாக எழுத வேண்டும்: ஆயிரம் பெருக்கல் ஆயிரம் மில்லியன், மில்லியன் பெருக்கல் ஆயிரம் பில்லியன். ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி. 60,000 × 12,000 என்பதை 60 × 12 = 720 என்று போட்டு, ஆயிரமும் ஆயிரமும் மில்லியன், ஆகவே 720 மில்லியன் என்று அலகைத் தனியே பெருக்குங்கள். சுழியம் எண்ணும் வேலையே இருக்காது.

அடுத்து, பின்னங்கள். 1/6 என்றால் 16.7%, 1/7 என்றால் 14.3%, 1/8 என்றால் 12.5%, 1/9 என்றால் 11.1%, 1/12 என்றால் 8.3%. வகுத்தலில் பாதி இதிலேயே முடிந்துவிடும். 72-ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் ஆண்டு ஏறக்குறைய கிடைக்கும்: 6% வளர்ச்சி என்றால் 12 ஆண்டு. விலையை 10% ஏற்றி விற்பனை 10% குறைந்தால் வருவாய் மாறாது என்று அவசரத்தில் சொல்லிவிடுவார்கள், 1.1 × 0.9 = 0.99, அதாவது 1% குறையும்.

கணக்கைத் தொடங்குமுன் சூத்திரத்தை வார்த்தையில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்: "உறுப்பினர் பெருக்கல் கட்டணம், அதிலிருந்து கூடங்களின் எண்ணிக்கை பெருக்கல் ஒரு கூடச் செலவைக் கழிக்கிறேன்." வழி தவறாக இருந்தால் அவர் அங்கேயே திருத்துவார். வழி சரியாக இருந்து பெருக்கலில் பிழை வந்தால் மீளலாம். மௌனமாக இரண்டு நிமிடம் போட்டுத் தவறான விடையைச் சொன்னால் மீள வழியில்லை. தோராயமாக்குவதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 1,375-ஐ 1,400 ஆக்கினால் மேலே உள்ள கேஸில் பழைய கூடத்தின் லாபம் 15 லட்சத்திலிருந்து 18 லட்சமாகிவிடும்; மொத்த லாபத்தில் 1.2 கோடி வித்தியாசம். இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசத்தைத் தேடும்போது தோராயம் ஆபத்து.

சந்தை அளவு மதிப்பிடும் கேள்விகளில் விடையைவிட அது நம்பும்படி இருக்கிறதா என்று சோதிப்பது முக்கியம். ஒரு பெரிய விமான நிலையத்திலிருந்து ஒரு நாளில் எத்தனை டாக்ஸி கிளம்பும்? மணிக்கு 30 தரையிறக்கம், 16 மணி நேரம், விமானத்துக்கு 150 இருக்கை, 80% நிரம்பியது: 57,600 பேர். ஐந்தில் ஒருவர் அங்கேயே வேறு விமானம் ஏறுபவர் என்று கழித்தால் சுமார் 46,000. அதில் கால் பங்கு டாக்ஸியில் போனால் 11,500; ஒரு டாக்ஸியில் சராசரி 1.5 பேர் என்றால் சுமார் 7,700 டாக்ஸி. இங்கே நிறுத்தாமல், "16 மணி நேரத்தில் 7,700 என்றால் நிமிடத்துக்கு 8. பல வரிசைகள் உள்ள பெரிய நிலையத்தில் சாத்தியம்" என்று சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 80 என்று வந்திருந்தால் எந்த ஊகம் தவறு என்று நீங்களே பின்னோக்கிப் போயிருப்பீர்கள்.

தினம் 15 நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போடுவதால் வேகம் வராது.

---

முல்லைக்கொடி

சொந்த அனுபவக் கேள்விகளை எல்லோரும் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். அது வருத்தமான தவறு, ஏனென்றால் இதில் கேள்வி என்னவென்று ஏறக்குறைய முன்பே தெரியும். ஒருவரை மனம் மாற்றியது, குழுவை இக்கட்டில் நடத்தியது, தடை இருந்தும் ஒன்றைச் செய்து முடித்தது, தோற்றுக் கற்றது. மெக்கின்சியில் ஒரே சம்பவத்தை எடுத்து 10 நிமிடத்துக்கு மேல் தோண்டுவார்கள். "அவர் சரியாக என்ன வார்த்தை சொன்னார்? அப்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள்? வேறு என்ன வழி யோசித்தீர்கள், அதை ஏன் விட்டீர்கள்?" மேலோட்டமாக மெருகேற்றிய கதை மூன்றாவது கேள்வியில் வற்றிவிடும்.

ஐந்து அல்லது ஆறு சம்பவம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பின்னணி மூன்று வரிக்கு மேல் வேண்டாம். யார் எதிர்த்தார், அவருக்கு அதில் என்ன கவலை என்று எழுதுங்கள். பக்கத்தின் பெரும்பகுதி நீங்கள் எடுத்த முடிவுகளுக்கும் பேசிய பேச்சுக்கும் போக வேண்டும். முடிவில் விளைந்தது என்ன, எண்ணோடு.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு: அடக்கத்தால் "நாங்கள் செய்தோம்" என்று சொல்வது. நல்ல பண்புதான். ஆனால் எதிரில் இருப்பவர் தாளில் உங்கள் பெயருக்கு எதிரே எதையும் எழுத முடியாமல் போகும். குழு செய்ததற்குக் குழுவுக்கு நன்றி சொல்லிவிட்டு, "அதில் என் பங்கு இது" என்று பிரித்துச் சொல்லுங்கள். அது தற்பெருமை ஆகாது.

மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு சம்பவத்தையும் இரண்டு நிமிடத்தில் ஒருமுறை, அரை நிமிடத்தில் ஒருமுறை சொல்லிப் பழகினால் போதும்.

---

நேர்கோடு

எட்டு வாரத்துக்கு நான் சொல்லும் வரிசை. முதல் இரண்டு வாரம் ரெஸ்யூமே, ஆட்களோடு பேச்சு, கணக்குப் பயிற்சி. கேஸ் இன்னும் வேண்டாம், மெக்கின்சி, பி.சி.ஜி., பெயின் மூன்றின் இணையதளங்களிலும் இலவசமாக உள்ள மாதிரி கேஸ்களைப் படித்தால் போதும். மூன்றாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு நான்கு கேஸ், ஆளோடு. ஐந்தாவது வாரத்தில் ஆன்லைன் தேர்வுப் பயிற்சி, ஆறாவதில் விண்ணப்பம் அனுப்புதல். மொத்தம் 25 கேஸ் வரை வரும். அதற்கு மேல் போனால் புதிதாகக் கற்பது குறைந்து, எல்லா கேஸும் முன்பு செய்த ஏதோ ஒன்றைப் போலத் தோன்றத் தொடங்கும். அது நல்லதல்ல.

---

வெள்ளைப்பலகை

25-ஐ நான் எல்லையாகச் சொல்ல மாட்டேன், இலக்காகவும் சொல்ல மாட்டேன். ஒரு கேஸுக்கு 40 நிமிடம் என்றால், அதை அலச இன்னொரு 40 நிமிடம் வேண்டும். அப்படிச் செய்தால் பத்துப் பன்னிரண்டு கேஸிலேயே உங்கள் பிழைகள் எவை என்று தெரிந்துவிடும். ஒரு நோட்டில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: பிழை, எந்த இடத்தில் வந்தது, அடுத்த முறை என்ன செய்வேன். ஒரே பிழை மூன்று முறை வந்தால் புதிய கேஸை நிறுத்திவிட்டு அதை மட்டும் தனியே பழகுங்கள். கட்டமைப்பு பலவீனம் என்றால் செய்தித்தாளில் ஐந்து வணிகச் செய்தியை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடத்தில் கிளை வரையுங்கள், கேஸை மேலே கொண்டுபோக வேண்டாம். முடிவுரை பலவீனம் என்றால் பழைய கேஸ்களின் கடைசி முக்கால் நிமிடத்தை மட்டும் மறுபடி சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

பாதி நேரம் நீங்கள் இன்டர்வியூ எடுப்பவராக உட்காருங்கள். எதிரில் இருப்பவர் விடை இல்லாமல் சுற்றுவதைக் கேட்கும்போதுதான் நாம் பேசும்போது அது எப்படி ஒலிக்கிறது என்று புரியும். ஒரே நண்பரோடு மட்டும் செய்யாதீர்கள். அவருக்கு உங்கள் வழக்கம் பழகி, பாதியில் நீங்கள் சொல்லாததையும் புரிந்துகொள்வார். அந்நியரிடம் அந்தச் சலுகை கிடைக்காது.

நேர்கோடு சொன்னதில் ஒன்றை முழுதாக ஆமோதிக்கிறேன்: பார்த்த கேஸ் போல இருக்கிறது என்று தோன்றினால் அங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உடற்பயிற்சிக்கூடக் கேஸில் 5,000 பேரும் போட்டியாளரிடம் போனார்கள் என்று ஒரே ஒரு தகவலை மாற்றினால் பரிந்துரையே தலைகீழாகும்.

---

பனித்துளி

அக்காவுக்கும் அண்ணன்களுக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: முதல் சுற்று வீடியோ காலில் என்றால் தாளில் வரைந்ததை எப்படிக் காட்டுவது?

---

கூட்டல்கழித்தல்

தடித்த கறுப்பு பேனா, கோடில்லாத ஏ4 தாள், ஒரு தாளில் ஒரு வேலை: கட்டமைப்பு ஒன்றில், கணக்கு இன்னொன்றில். கட்டமைப்பைச் சொல்லும்போது தாளை கேமராவுக்கு முன் பத்து நொடி பிடித்துக் காட்டலாமா என்று கேளுங்கள். சிலர் விரும்புவார்கள், சிலர் வாயால் கேட்டாலே போதும் என்பார்கள். அதனால் எண் போட்டுச் சொல்லப் பழகுங்கள்: "மூன்று பகுதியாகப் பார்க்கிறேன், முதலாவது..." கேட்பவரும் தன் தாளில் எழுதிக்கொண்டே வருவார். அவர் திரையில் காட்டும் சார்ட்டைப் படிக்கும்போது தலைப்பு, அச்சு, அலகு மூன்றையும் முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சிறிய திரையில் 'ஆயிரத்தில்' என்ற அடிக்குறிப்பு கண்ணில் படாமல் போவது சாதாரணம்.